மலைப்பாதைகளில் ஜிபிஎஸ் தடங்கல்: மூலத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரி மலைப்பாதைகளில் சுற்றுலா வாகனங்களின் ஜிபிஎஸ் கருவிகள் அடிக்கடி செயலிழப்பதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். அதில் கருத்துக் கூறியிருந்த ஓட்டுநர்களும் அலுவலர்களும் மலை மறைக்கிறது, மரம் மறைக்கிறது என்ற ஒரே காரணத்தையே சொல்லியிருந்தார்கள். தொலைத்தொடர்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்று, இன்றும் ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலித் தொடர்புக்கான உரிமத்துடன் குன்னூரில் வசிப்பவன் என்ற முறையில் இது குறித்து எழுத விரும்புகிறேன். அந்த விளக்கம் பல வளைவுகளுக்குப் பொருந்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லாத் தடங்கலுக்கும் மலையையே காரணமாகச் சொல்லிப் பழகிவிட்டால், யாரோ ஒருவர் வேண்டுமென்றே ஜாமரை, அதாவது இரைச்சலை உமிழ்ந்து சமிக்ஞையை அடைக்கும் கருவியை, இயக்கும்போதும் நாம் அதைத் தேடப் போவதில்லை. அப்படிப்பட்ட மூலத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும். அதற்குத் தேவையானவற்றில் பெரும்பகுதி நம் மாவட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து 1575.42 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் புறப்படும் சமிக்ஞை நம் கைப்பேசியை வந்தடையும்போது, ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கின் அளவுக்கே அதில் வலு மிஞ்சியிருக்கும். அதனால்தான் வாகனத்தின் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் விரல் நீளக் கருவிகூட அதைக் குலைத்துவிடுகிறது. வெறும் 10 மில்லிவாட் ஆற்றலில் அதே அதிர்வெண்ணில் இரைச்சலை உமிழும் ஒரு ஜாமர், ஒரு கிலோமீட்டர் தொலைவில் நேர்ப்பார்வையில் இருக்கும் கைப்பேசியில், செயற்கைக்கோள் சமிக்ஞையைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேலான வலுவோடு வந்து விழும். ஜிபிஎஸ் போன்றதான நமது இஸ்ரோவின் நாவிக் இடங்காட்டும் அமைப்பு 1176.45, 2492.028 மெகாஹெர்ட்ஸ் ஆகிய வேறு அதிர்வெண்களையும் பயன்படுத்துவது ஓரளவு பாதுகாப்புத்தான். ஆயினும் பல அலைவரிசைகளை ஒருசேர அடைக்கும் கருவிகளும் இருப்பதால், அதை மட்டுமே நம்பியிருக்க இயலாது.

மலை மறைப்பதையும் ஜாமர் குலைப்பதையும் எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் முதல் கேள்வி. இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு செயற்கைக்கோளின் சமிக்ஞை வலுவையும் தனித்தனிக் கோடாகக் காட்டும் இலவசச் செயலிகள் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் கிடைக்கின்றன. திறந்தவெளியில் அந்த வலுவைக் குறிக்கும் எண் பொதுவாக 40 முதல் 45 வரை இருக்கும். பர்லியாறு அருகே பாதை பள்ளத்தாக்கின் ஓரமாகச் செல்லும்போது, அடிவானத்தை ஒட்டியிருக்கும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றாக மறையுமே தவிர, தலைக்கு மேலே இருப்பவை நன்றாகவே தெரிந்துகொண்டிருக்கும். சோலைக்காட்டின் அடியில் எண்கள் தாறுமாறாக ஏறி இறங்கும். ஜாமர் அருகில் இருந்தாலோ, உச்சியில் உள்ளது, ஓரத்தில் உள்ளது என்ற பேதமின்றி எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் சரிந்து, ஒரே நேரத்தில் மீளும். அதோடு, பல கைப்பேசிகளில், சமிக்ஞையை வாங்கும் பகுதியான ஏற்பி தன் உள்பெருக்கத்தை, அதாவது வந்த சமிக்ஞையைப் பெரிதாக்கும் அளவை, எவ்வளவு வைத்திருக்கிறது என்பதையும் பார்க்கலாம். மலை மறைக்கும்போது வெளியிலிருந்து கூடுதலாக எந்த ஆற்றலும் வருவதில்லை என்பதால் அந்தப் பெருக்கம் பெரிதாக மாறாது. ஜாமரின் இரைச்சல் உள்ளே புகும்போது ஏற்பி தன்னைக் காத்துக்கொள்ளப் பெருக்கத்தைச் சட்டென்று குறைத்துக்கொள்ளும். இந்த இரண்டு அடையாளங்களும் சேர்ந்து தென்பட்டால் மலையின் மீது பழி போட வேண்டியதில்லை.

ஏன் ஒருவர் இங்கே ஜாமரைப் பயன்படுத்த வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பொதுப் பயணிகள் வாகனங்களில் இடங்காட்டும் கருவியும் அவசர அழைப்புப் பொத்தானும் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. அது போதாதென்று வாடகை வாகன உரிமையாளர்கள் தாங்களாகவும் ஒரு கருவியைப் பொருத்துகிறார்கள். வண்டி எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று நாள் முழுவதும் தொலைபேசியில் கேட்கப்படும் ஓட்டுநர் அந்தக் கண்ணிலிருந்து சிறிது நேரம் தப்ப நினைப்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கருவி தன் வண்டியை மட்டும் மறைப்பதில்லை. பின்னால் வரும் 108 ஆம்புலன்ஸின் இடங்காட்டியையும், அந்த வண்டியிலேயே இருக்கும் பயணியின் அவசரப் பொத்தானையும், சாலையோரக் கைப்பேசிக் கோபுரத்தின் கடிகாரத்தையும் சேர்த்தே குலைக்கிறது. கோபுரங்கள் மைக்ரோ விநாடி அளவில் ஒன்றோடொன்று நேரம் ஒத்திருப்பதற்குச் செயற்கைக்கோள் சமிக்ஞையைத்தான் நம்பியிருக்கின்றன. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் நிகழ்ந்த நிலச்சரிவுகளை நேரில் பார்த்தவர்களுக்கு, மீட்பு வாகனம் எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒரு மணி நேரம் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தில், விமானங்கள் தரையிறங்க உதவும் துல்லிய ஜிபிஎஸ் அமைப்பு 2009 இறுதியிலிருந்து விட்டுவிட்டுத் தடைப்பட்டது. ஓடுபாதையை ஒட்டிய நெடுஞ்சாலையில் செல்லும் வாகனங்களின் ஜாமர்களே காரணம் என்று தெரிந்துகொள்ள மாதக்கணக்கில் ஆயிற்று. பின்னர் 2012 ஆகஸ்டில், முதலாளியின் கண்காணிப்பிலிருந்து தப்புவதற்காக நிறுவன வாகனத்தில் ஜாமர் வைத்திருந்த ஓட்டுநர் ஒருவரை அதிகாரிகள் அலைதேடும் கருவியுடன் பின்தொடர்ந்து பிடித்தார்கள். 2013-ல் அவருக்கு 31,875 டாலர் அபராதம் அறிவிக்கப்பட்டது. நகரும் மூலத்தைத் தேடுவது இவ்வளவு கடினம். கெட்ட எண்ணமே இல்லாத மூலங்களும் உண்டு: 2001-ல் கலிஃபோர்னியாவின் மாஸ் லாண்டிங் துறைமுகம் முழுவதும் வாரக்கணக்கில் ஜிபிஎஸ் இல்லாமல் போனபோது, ஆய்வாளர்கள் தேடிக் கண்டுபிடித்தது படகுகளில் பொருத்தியிருந்த, பெருக்கியுடன் கூடிய சாதாரணத் தொலைக்காட்சி ஆன்டெனாக்களை. அவற்றின் உரிமையாளர்களுக்குத் தாங்கள் ஒரு துறைமுகத்தையே முடக்குகிறோம் என்பது தெரிந்திருக்கவில்லை. ஆகவே தேடல் என்பது குற்றவாளியைப் பிடிப்பதற்கான வேலை மட்டுமல்ல, பழுதான கருவியைக் கண்டறிவதற்கான வேலையும்கூட.

நம் நாட்டிலும் இது புதிய செய்தியல்ல. 2025 நவம்பரில் தில்லி விமான நிலையத்தை நெருங்கிய சில விமானங்கள் பொய்யான ஜிபிஎஸ் சமிக்ஞையைப் பெற்றதாகத் தெரிவித்தன. டிசம்பரில் விமானப் போக்குவரத்து அமைச்சர் மாநிலங்களவையில் இதை உறுதிப்படுத்தியதோடு, மூலத்தைக் கண்டறியும் பொறுப்பு வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளதாகவும் தெரிவித்தார். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கீழ் இயங்கும் அந்த அமைப்புக்குச் சென்னையிலும் நிலையம் உண்டு. அரசின் அனுமதியின்றி ஜாமர்களையும் ஜிபிஎஸ் தடுப்பான்களையும் விற்பதோ வாங்குவதோ பயன்படுத்துவதோ சட்டவிரோதம் என்று 2022 ஜனவரியிலேயே அத்துறை அறிவித்து, இணைய விற்பனைத் தளங்களையும் எச்சரித்தது. சட்டம் இருக்கிறது, அமைப்பும் இருக்கிறது. கீழே மலையில் ஒரு தடங்கலைக் கண்டவர் அதை யாரிடம் சொல்வது என்ற வழிதான் இல்லை.

தேடும் முறைகளில் விண்ணிலிருந்து தேடுவதும் ஒன்று. 2018-ல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருந்த ஒரு ஏற்பியின் பதிவுகளைக் கொண்டே, சிரியாவில் இயங்கிய ஒரு ஜாமரின் இடத்தை டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணித்தார்கள். பறக்கும் விமானங்கள் தங்கள் இருப்பிடத்தோடு அதன் நம்பகத்தன்மையையும் இடைவிடாது அறிவிப்பதால், அவற்றைத் தொகுத்தும் தடங்கல் பரவும் பகுதியை அறியலாம். இவை பெரிய ஆற்றலுள்ள மூலங்களுக்கு உகந்தவை. நம் வளைவுகளில் ஒரு வேனுக்குள் இருக்கும் சிறு கருவியைத் தரையில் நின்றுதான் தேடியாக வேண்டும்.

தரையில் தேடுவதற்குப் பொறியியல் நூல்கள் முதலில் சொல்வது, ஒரே இரைச்சல் பல ஏற்பிகளை வந்தடையும் நேர வேறுபாட்டைக் கணக்கிடும் முறையை. வானொலி அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் செல்லும் என்பதால், ஏற்பிகளின் கடிகாரங்கள் அதைவிடப் பலமடங்கு நுட்பமாக ஒத்திருந்தால்தான் மூலத்தின் இடம் சரியாகக் கிடைக்கும். பெரும்பாலான ஏற்பிகள் தங்கள் நேரத்தை ஜிபிஎஸ்ஸிடமிருந்தே பெறுகின்றன. தேடப்படும் ஜாமரோ அந்த ஜிபிஎஸ்ஸையே அழித்துக்கொண்டிருக்கும். தடங்கல் நேரத்திலும் தாமாகவே நேரத்தைக் காக்கும் ருபிடியம் கடிகாரங்களை வைத்து இதைச் சமாளிக்கலாம் என்றாலும், ஒரு மாவட்ட அளவிலான முயற்சியை அதிலிருந்து தொடங்குவது பொருத்தமாக எனக்குப் படவில்லை.

திசை பார்ப்பதே நமக்கு உகந்த தொடக்கம். ஹாம் நண்பர்கள் நரி வேட்டை என்ற பெயரில் விளையாட்டாகவே செய்து பழகிய வேலை இது: ஒளித்து வைத்த சிறு ஒலிபரப்பியைக் ஒரு திசையிலிருந்து வரும் அலையை மட்டும் வலுவாக வாங்கும் கையடக்க யாகி ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பித் தேடிப் பிடிப்பார்கள். ஜிபிஎஸ்ஸின் அலைநீளம் சுமார் 19 சென்டிமீட்டர்தான் என்பதால், அதற்கான யாகியை ஒரு முழ நீளத்துக்குள் செய்துவிடலாம். ஒரு மேட்டிலிருந்து ஒரு திசை, இன்னொரு மேட்டிலிருந்து இன்னொரு திசை, இரண்டும் வெட்டும் இடத்தை நோக்கி நடை. ஆன்டெனா இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு: கைப்பேசியை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்றினால், நம் உடல் ஜாமரை மறைக்கும் கோணத்தில் சமிக்ஞை சற்று உயிர்பெறும், அப்போது நம் முதுகு காட்டும் பக்கத்தில் மூலம் இருக்கிறது.

மலையில் இதற்கொரு சிக்கலும் உண்டு, ஒரு வசதியும் உண்டு. சிக்கல், பாறை முகங்கள். கோத்தகிரி வட்டத்தில் ஒரு வாடகை வாகன நிறுத்தத்தில் மாலைதோறும் ஜிபிஎஸ் போய்விடுகிறது என்று ஓட்டுநர்கள் சொன்னதன் பேரில் நாங்கள் சில நண்பர்கள் தேடிச் சென்றபோது, யாகி காட்டிய மிக வலுவான திசை பள்ளத்தாக்குக்கு எதிரே ஆளரவமற்ற ஒரு பாறைச் சரிவை நோக்கி இருந்தது. அலை அங்கே பட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. நிறுத்தத்துக்கும் பாறைக்கும் இடையே ஒரு கட்டடம் மறைத்த இடத்துக்குச் சென்று மறுபடி திசை பார்த்தபோது, எதிரொலி விலகி, நிறுத்தத்திலேயே நின்ற ஒரு வேனை ஆன்டெனா காட்டியது. சிகரெட் லைட்டர் துளையில் அந்தக் கருவி செருகப்பட்டிருந்தது. இணையத்தில் வாங்கியதாகச் சொன்ன அந்த இளைஞர், மற்ற ஓட்டுநர்களின் வேலையும் இதனால் கெடுகிறது என்று கேட்டதும் தாமே கழற்றி எங்களிடம் கொடுத்துவிட்டார். அந்தத் தேடலைச் சாத்தியமாக்கியது எங்கள் ஆன்டெனாவைவிட, நிறுத்தத்தில் ஒருவர் தம் டைரியில் எழுதி வைத்திருந்த நேரக் குறிப்புகள்தான். அந்த வேன் பயணம் முடிந்து வந்து நிற்கும் நேரமும் தடங்கல் தொடங்கும் நேரமும் அவற்றில் ஒத்துப்போயின.

வசதி என்பது மலையின் அமைப்பே. இந்த அதிர்வெண்ணில் அலைகள் முகடுகளைத் தாண்டி வளைந்து செல்வது மிகக் குறைவு. ஆகவே ஓரிடத்தில் தடங்கல் இருக்கிறது என்பதைப் போலவே இன்னோரிடத்தில் இல்லை என்பதும் நமக்குச் செய்தி. கேத்திப் பள்ளத்தாக்கில் ஜிபிஎஸ் குலைந்து, முகட்டுக்கு அப்பால் சீராக இருந்தால், கேத்தியைப் பார்க்கும் ஆனால் அப்பாலுள்ள சரிவைப் பார்க்காத இடங்களில் ஒன்றில்தான் மூலம் இருக்க முடியும். நில உயர வரைபடத்தை வைத்துக்கொண்டு எந்த இடத்திலிருந்து எது தெரியும் என்பதைக் கணினியில் ஒரு கல்லூரி மாணவரே கணக்கிட்டுவிடலாம். சமவெளியில் வட்டம் வட்டமாக விரியும் தேடல் பகுதி, இங்கே முகடுகளால் வெட்டப்பட்டுச் சில சரிவுகளாகச் சுருங்கிவிடுகிறது. மலையைத் தடங்கலுக்குக் காரணமாகச் சொல்பவர்கள், தேடலில் அது செய்யும் இந்த உதவியையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நகரும் வாகனங்களைப் பொறுத்தவரை வேறெந்த மாவட்டத்துக்கும் எளிதில் வாய்க்காத ஒரு நிலை நமக்கு இருக்கிறது. 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் நடைமுறை வந்த பிறகு, வெளியிலிருந்து வரும் வாகனங்கள் கல்லாறு, குஞ்சப்பனை, நாடுகாணி, கக்கநல்லா போன்ற சாவடிகளில் நின்று செல்கின்றன. பிளாஸ்டிக் பொருள்களுக்கான சோதனையும் நடக்கிறது. ஒவ்வொரு சாவடியிலும் 1575 மெகாஹெர்ட்ஸ் பகுதியின் இரைச்சலை மட்டும் அளந்து, அது வரம்பு மீறினால் விளக்கு எரியும் சிறு கருவி ஒன்றை வைத்தால் போதும். நின்று புறப்படும் வாகன வரிசையில் எந்த வண்டி நெருங்கும்போது இரைச்சல் உயர்ந்து, விலகும்போது தாழ்கிறது என்பது அங்கே பணியில் இருப்பவர் கண்முன்னாலேயே தெரிந்துவிடும். நியூவார்க்கில் நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும் வண்டிகளுக்கிடையே பட்ட பாட்டை இங்கே படவேண்டியதில்லை. கோடைப் பருவத்தில் குன்னூர் வழியே ஏறி, கோத்தகிரி வழியே இறங்கும் ஒருவழி ஏற்பாடு நடைமுறைக்கு வரும்போது கல்லாறும் குஞ்சப்பனையும் இந்தச் சோதனைக்கு இன்னும் பொருத்தமாக அமையும்.

நிலையான மூலங்களுக்கு, ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் ஏற்பிகளின் பதிவுகள் உதவும். கைப்பேசிக் கோபுரம் ஒன்று செயற்கைக்கோள் நேரத்தை இழந்தால் அதன் கட்டுப்பாட்டு மையத்தில் எச்சரிக்கை பதிவாகும். இந்திய நில அளவைத் துறை நாடெங்கும் நிறுவியுள்ள நிலையான ஏற்பிகளும் சமிக்ஞை வலுவை இடைவிடாது பதிவு செய்கின்றன. இந்தப் பதிவுகளை நேரவாரியாக அடுக்கினாலே, எந்தச் சரிவில் தேடத் தொடங்குவது என்பது துலங்கிவிடும். ஆனால் அவை வெவ்வேறு அலுவலகங்களில் தனித்தனியே கிடக்கின்றன.

உதகையை அடுத்த முத்தோரையில் உள்ள வானொலித் தொலைநோக்கியையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1970-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில், அந்த இடத்தின் அட்சரேகைக்கு ஏற்ற சாய்வுள்ள ஒரு மலைச்சரிவைத் தேர்ந்து அமைத்த, 530 மீட்டர் நீளமுள்ள அக்கருவி 326.5 மெகாஹெர்ட்ஸில் விண்ணைக் கேட்கிறது. அதன் அதிர்வெண் வேறு என்பதால் ஜிபிஎஸ் ஜாமரை அது கண்டுபிடிக்காது. ஆனால் மனிதர் உண்டாக்கும் இரைச்சலுக்கு நடுவே வானத்தின் மெல்லிய ஒலியைப் பிரித்தெடுப்பதையே அன்றாடப் பணியாகக் கொண்ட அறிவியலாளர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். மாவட்ட நிர்வாகம் அவர்களிடம் ஆலோசனை கேட்பது பெருமளவு நேரத்தை மிச்சப்படுத்தும்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஏற்கெனவே இயங்கும் பேரிடர் கட்டுப்பாட்டு அறையில் ஜிபிஎஸ் தடங்கல் புகார்களுக்கென ஒரு பதிவேட்டைத் தொடங்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஒரே இடத்திலிருந்து மூன்று நான்கு புகார்கள் ஒரே வகையில் வந்தால், அவற்றைத் தொகுத்துச் சென்னையில் உள்ள வயர்லெஸ் கண்காணிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். சட்டப்படி அலைகளை அளந்து நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அவர்களுடையது. எங்களைப் போன்ற தன்னார்வலர்கள் யாருடைய வண்டியையும் நிறுத்திச் சோதனையிட முடியாது. அப்படிச் செய்யவும் கூடாது. இந்த மாவட்டத்தில் பாதுகாப்புத் துறை நிலையங்களும் இருப்பதால், கண்ட இடங்களில் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு அலைவதைக் காட்டிலும், நிர்வாகத்தின் அனுமதியோடும் காவல்துறைக்குத் தெரிவித்துவிட்டும் செய்வதே முறை.

புகார் செய்பவர்கள் "ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொன்னால் யாராலும் எதுவும் செய்ய இயலாது. தடங்கல் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நின்றிருந்த இடம் அல்லது கொண்டை ஊசி வளைவின் எண், அருகில் இருந்த மற்றவர்களின் கைப்பேசியிலும் அப்படியே இருந்ததா, வண்டி நகர்ந்தபோது சரியானதா அல்லது நின்ற இடத்திலேயே தானாகச் சரியானதா ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசியாகச் சொன்னது முக்கியமானது: நாம் நகராமலே தடங்கல் விலகினால், மலை நகர்ந்திருக்க வாய்ப்பில்லை, மூலம்தான் நகர்ந்திருக்கிறது அல்லது அணைக்கப்பட்டிருக்கிறது. இருப்பிடம் திடீரென்று வேறு ஊரைக் காட்டினாலோ கைப்பேசியின் நேரம் தவறினாலோ, அது பொய்ச் சமிக்ஞையாக இருக்கக்கூடும் என்பதால் அதைத் தனியே குறிப்பிட வேண்டும். வாடகை வாகன ஓட்டுநர் சங்கங்களும், பச்சைத் தேயிலை ஏற்றும் லாரி ஓட்டுநர்களும், அரசுப் பேருந்து ஓட்டுநர்களும் ஒரே பாதையில் நாள்தோறும் போய்வருபவர்கள். மலைப்பாதையின் எந்த வளைவில் வழக்கத்துக்கு மாறாக என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிவதுபோல் எந்தக் கருவிக்கும் தெரியாது.

வாகன உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓட்டுநர் ஓய்வுக்கும் உணவுக்கும் நிறுத்தும் நேரத்தைக் கணக்குக் கேட்காமல் முன்கூட்டியே ஒதுக்கித் தாருங்கள். ஜாமர் வாங்கத் தூண்டும் காரணங்களில் ஒன்றாவது அதனால் நீங்கும்.

பதிவேடு தொடங்கப்பட்டால், திசை பார்க்கும் ஆன்டெனாக்களைச் செய்து கொடுக்கவும், சாவடிப் பணியாளர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் இந்த முறையைக் கற்றுத்தரவும், கண்காணிப்பு அமைப்பினர் அழைக்கும்போது உடன் செல்லவும் நானும் என் ஹாம் நண்பர்களும் எந்த ஊதியமும் எதிர்பாராமல் அணியமாக இருக்கிறோம். மாவட்ட நிர்வாகத்தின் பதிலைத் தங்கள் நாளிதழ் கேட்டு வெளியிடுமானால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொலைத்தொடர்புப் பொறியாளர்,
குன்னூர்.